விட்ட மீன் பிழைத்ததா?

ஒன்ராறியோவில் பாஸ் மீன்பிடிப் பருவம் திறந்து மூன்று கிழமை ஆகிறது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தூண்டிலைப் பற்றியவை. ஆகவே அரசியலும் சினிமாவும் அடுத்த இதழ் வரை பொறுத்திருக்கட்டும். இந்த முறை பக்கம் முழுவதும் ஏரிக்குத்தான்.

கேள்வி: எல்லாரும் பாஸ், பாஸ் என்கிறார்கள். இதற்குத் தமிழில் பெயர் கிடையாதா? (ஸ்காபரோ வாசகர்)

கிடையாது. நம் ஊர்க் குளங்களில் நாம் கண்டறியாத மீனுக்கு நம்மவர் எப்படிப் பெயர் வைத்திருப்பார்கள்? வட அமெரிக்க நன்னீர்தான் இதன் தாய்வீடு. ஒன்ராறியோவில் இரண்டு வகை உண்டு. வாயை மூடிய நிலையில் மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னே போனால் அது பெருவாய் பாஸ், பாசியும் அல்லியும் அடர்ந்த இடத்தில் பதுங்கும். தாடை கண்ணுக்கு நேர்கீழே நின்றுவிட்டால் சிறுவாய் பாஸ். அதற்குப் பாறையும் தெளிந்த நீரும் வேண்டும்.

விஞ்ஞானப் பெயரின் கதையைக் கேளுங்கள். 1802ஆம் ஆண்டு லாசெப்பேத் என்ற பிரெஞ்சு அறிஞரின் கைக்கு ஒரு சிறுவாய் பாஸ் வந்தது. அதன் முதுகுத் துடுப்பு கிழிந்திருந்தது. கிழிந்து தனித்து நின்ற துண்டைச் சின்னஞ்சிறு தனித் துடுப்பு என்று எண்ணி, 'சிறுதுடுப்பு' என்று பொருள்படும் மைக்ரோப்டெரஸ் என்ற பெயரைச் சூட்டிவிட்டார். ஒரு மீனின் காயம் அதன் இனம் முழுவதற்கும் பெயராகிவிட்டது. இந்த மீனைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

கேள்வி: பருவம் திறப்பதற்கு முன்பே பிடித்து, உடனே தண்ணீரில் விட்டுவிட்டால் யாருக்கு என்ன நட்டம்? (ஏஜாக்ஸ் வாசகர்)

தகப்பனுக்கும் பிள்ளைகளுக்கும் நட்டம்.

நம் குளத்து விராலை நினைத்துப் பாருங்கள். செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுகள் கூட்டமாக மேலே மினுங்கும், கீழே பெரிய விரால் காவல் நிற்கும். பாஸும் அப்படித்தான். ஆனால் இங்கே காவல் முழுவதும் ஆண்மீனின் பொறுப்பு. தண்ணீர் 15, 16 பாகை செல்சியசைத் தொட்டதும் ஆண்மீன் கரையோரம் வந்து, வாலால் அடித்து அடித்து மணலையும் சேற்றையும் விலக்கி, வட்டமாக ஒரு கூடு அமைக்கும். பெண்மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். பிறகு முட்டைக்கு வாலால் நீர் வீசுவதும் பகையை விரட்டுவதும் ஆண்மீனின் வேலை. குஞ்சுகள் தாமாகத் திரியும்வரை பல நாள் சரியாகத் தின்னாமல் நிற்கும்.

அப்போது உங்கள் இரை கூட்டுக்கு மேல் வந்தால் அது பசியால் கடிப்பதில்லை, பிள்ளைகளைக் காக்கக் கடிக்கிறது. நீங்கள் அதைத் தூக்கிப் படம் எடுக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் புளூகில் மீன்கள் கூட்டில் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடும். பேரேரிகளில் 1990 முதல் குடியேறியிருக்கும் உருண்டைக் கோபி என்ற வேற்றூர் மீன் இன்னும் வேகமாகப் புகும். களைத்துப்போன தகப்பன் திரும்பிவந்து வெறுங்கூட்டைக் கண்டால், பெரும்பாலும் அதைக் கைவிட்டுப் போய்விடும். மீனைத்தான் நீங்கள் விட்டீர்கள். கூடு போய்விட்டதே!

இல்லினோய் மாநிலத்து ரிட்ஜ் ஏரியில் 1970களில் தொடங்கிய ஆய்வு ஒன்று உண்டு. எளிதில் தூண்டிலில் மாட்டும் பாஸ்களையும் மாட்டாத பாஸ்களையும் தனித்தனியாகத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பார்த்தார்கள். மாட்டும் குணம் பிள்ளைகளுக்கும் இறங்கியது. அதே வழிவந்த ஆண்மீன்களைத் தொடர்ந்து கவனித்தபோது, எளிதில் மாட்டுபவைதான் கூட்டை அதிக மூர்க்கமாகக் காப்பவை என்றும் தெரிந்தது. நாம் கூட்டிலிருந்து இழுத்தெடுப்பது ஏரியின் மிகச் சிறந்த தகப்பன்களை.

ஒன்ராறியோவின் தெற்கே பெரும்பாலான ஏரிகளில் பருவம் ஜூன் பின்பாதியில் திறப்பது இதனால்தான். மூடிய பருவத்தில் பாஸைக் குறிவைத்துத் தூண்டில் போடுவதே குற்றம். பிடித்து விட்டுவிட்டேன் என்பது சட்டத்தின் முன் நிற்காது, என் முன்னும் நிற்காது.

கேள்வி: கயாக் வாங்கி மீன்பிடிக்க ஆசை. நீச்சல் தெரியாது. உங்கள் ஆலோசனை? (மிசிசாகா வாசகர்)

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். கயாக்கில் நீங்கள் காலை மட்டுமா விடுகிறீர்கள்? முதலில் நீச்சல் வகுப்பு, பிறகு உயிர்காப்பு அங்கி, அதற்குப் பிறகு கயாக், கடைசியாகத் தூண்டில். வரிசையை மாற்றாதீர்கள்.

மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரில் விழுந்தவரின் நிலையை மூன்று எண்களில் சொல்லித்தந்தார்: 1, 10, 1. விழுந்ததும் மூச்சு வாரி இறைக்கும், அதை அடக்க 1 நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம். கவனித்தீர்களா? குளிர் கொல்வதற்கு முன்பே கைகால் ஓய்ந்துவிடுகிறது. அங்கி அணிந்திருந்தால் மட்டுமே அந்த ஒரு மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கும். வெயில் நன்றாக இருக்கிறதே என்று ஏப்ரலில் இறங்காதீர்கள். காற்றுக்கு வெயில் பட்டாலும் ஏரி இன்னும் பனிக்கட்டியை மறக்காத மாதம் அது.

வாங்கியதும் இடுப்பளவு நீரில், பக்கத்தில் ஆள் நிற்க, வேண்டுமென்றே கவிழ்ந்து, திரும்ப ஏறிப் பழகுங்கள். பத்துத் தடவை. விசில், 15 மீட்டர் மிதக்கும் கயிறு, நீர் இறைக்கும் கலயம் மூன்றும் கயாக்கில் இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சட்டம்.

கேள்வி: உயிர்காப்பு அங்கியை இருக்கைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். போதாதா? (மார்க்கம் வாசகர்)

கார் மோதிய பிறகு சீட் பெல்ட் போட்டுக்கொண்டவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா, அண்ணை? அமெரிக்கக் கரையோரக் காவற்படையின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால், படகு விபத்தில் இறந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் நீரில் மூழ்கியவர்கள். அப்படி மூழ்கியவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் அங்கி அணியாதவர்கள். அவர்களில் எத்தனையோ பேரின் படகில் அங்கி இருந்திருக்கும். இருக்கைக்குப் பின்னால்.

கேள்வி: கயாக்கில் சின்னதாக ஒரு மின்மோட்டார் பூட்டினால் படகோட்டும் அட்டை வேண்டுமா? (பிராம்ப்டன் வாசகர்)

வேண்டும். மோட்டார் எவ்வளவு சின்னதானாலும், மின்சாரத்தில் ஓடினாலும் வேண்டும். துடுப்போ மிதியோ என்றால் தேவையில்லை.

கேள்வி: கயாக் போட்டியில் மீனை நிறுப்பதே இல்லையாமே! பிறகு யார் வென்றார் என்று எப்படித் தெரியும்? (விற்பி வாசகி)

நீளத்தால். இதை நான் மனமார நேசிக்கிறேன் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

பாஸ் போட்டிகளுக்கு இன்றைய வடிவம் தந்தவர் அலபாமாவில் காப்புறுதி விற்றுக்கொண்டிருந்த ரே ஸ்காட். 1967இல் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் முதல் பெரிய போட்டியை நடத்தினார். அந்தக் காலத்துப் போட்டி என்றால் செத்த மீன்களைக் கோத்துத் தூக்கிக் காட்டுவதுதான். பிறகு கொலராடோவில், பறவை இறகு இரையால் டிரவுட் பிடிப்பவர்கள் மீனை ஆசையோடு தண்ணீரில் விடுவதைக் கண்டார். 1972 முதல், மீனைக் கொல்லாதே என்பதைத் தன் போட்டிகளின் முழக்கம் ஆக்கினார். பெரிய மாற்றம் அது. அமெரிக்காவின் ஏரிகளில் கோடிக்கணக்கான மீன் அவரால் உயிரோடு திரும்பியிருக்கும்.

ஆனாலும் நிறுத்துப் பார்க்கும் போட்டியில் மீன் நாள் முழுவதும் படகின் நீர்த்தொட்டியில் கிடக்க வேண்டும். கோடையில் தண்ணீர் சூடேறச் சூடேற அதில் உயிர்வளி குறையும். நிறுத்த பின் மேடைக்குப் பக்கத்தில் விடுவார்கள், பிடிபட்ட இடமோ பத்து மைலுக்கு அப்பால். பார்ப்பவர் கண்ணுக்கு மீன் நீந்திப் போகும். அடுத்தடுத்த நாட்களில் சாவதை யாரும் பார்ப்பதில்லை.

கயாக்கில் அந்தத் தொட்டிக்கு இடமே இல்லை. அந்தக் குறையே மீனுக்கு வாழ்வாயிற்று. பிடி, படமெடு, விடு என்பதே ஒழுங்கு. போட்டிக் காலையில் தரும் அடையாளக் குறியும் மீனும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். அளவுப்பலகையில் மூக்கு முட்டியபடி, வாய் மூடியபடி மீன் கிடக்க வேண்டும். மிக நீளமான ஐந்து மீன்களின் நீளத்தைக் கூட்டுவார்கள். படம் எடுத்து முடிந்ததும் அதே இடத்தில், அதே பாசிக்குள் மீன் திரும்பிவிடும்.

கேள்வி: மீனை எப்படிப் பிடித்தால் அதற்கு நோகாது? (ரொறன்ரோ வாசகர்)

முதல் கோடையில் நான் செய்ததைச் சொல்கிறேன். ரைஸ் ஏரியில் ஒரு நல்ல பெருவாய் மாட்டியது. துள்ளி விழுந்துவிடுமே என்று காய்ந்த துவாயால் சுற்றிப் பிடித்தேன். கயாக்கின் தளம் வெயிலில் சுட்டது. கைத்தொலைபேசியைத் தேடி எடுத்து, படம் சரியில்லை என்று இன்னொன்று எடுத்து, பிறகு விட்டேன். நீந்திப் போனது. மறுநாள் காலை அதே நாணல் ஓரத்தில் ஒரு மீன் மிதந்தது. அதே மீன்தானா என்று சத்தியம் செய்ய முடியாது. அதன் பக்கவாட்டில் துவாய் அகலத்துக்கு வழுவழுப்பு உரிந்திருந்தது. அதன் பிறகு என் கயாக்கில் துவாய் ஏறியதில்லை.

மீனின் மேலுள்ள வழுவழுப்புதான் அதன் தோலுக்குத் தோல், கிருமி புகாத வேலி. எனவே கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள். அளவுப்பலகையையும் ஏரிநீரில் தோய்த்து எடுங்கள். தொலைபேசி, குறடு, பலகை எல்லாம் தயாராகும்வரை மீன் வலையோடு தண்ணீரிலேயே இருக்கட்டும். கீழ்த்தாடையைப் பெருவிரலால் பற்றினால் நேராகத் தொங்கவிடுங்கள். கிடையாகப் பிடிப்பதானால் மற்றக் கையால் வயிற்றைத் தாங்குங்கள், இல்லையென்றால் முழு எடையும் தாடையில் இறங்கும். மீன் வெளியே வந்ததும் உங்கள் மூச்சையும் அடக்குங்கள். உங்களுக்கு மூச்சு முட்டும்போது அதற்கும் முட்டுகிறது.

கேள்வி: முள்ளை விழுங்கிவிட்டால்? இழுத்து எடுப்பதா, விட்டுவிடுவதா? (பிக்கரிங் வாசகர்)

சூதில் கிடைக்கும் வெற்றி எப்படிப்பட்டது என்று சொல்ல வள்ளுவருக்கு உவமையாகக் கிடைத்தது தூண்டில் இரும்பை விழுங்கிய மீன். அதைவிடக் கொடிய நிலையை அவரால் எண்ண முடியவில்லை போலும். குறடு எளிதில் எட்டினால் மெல்லக் கழற்றுங்கள். எட்டாவிட்டால் தங்கூசியை முள்ளுக்கு நெருக்கமாக வெட்டிவிடுங்கள். குடலைக் கிழித்து எடுப்பதைவிட அது பல மீனைப் பிழைக்க வைக்கும். இரத்தம் செவுளிலிருந்து வந்து, அளவும் பருவமும் சட்டத்துக்குள் இருந்தால், அதை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். சாகப்போகும் மீனைத் தண்ணீரில் போட்டு மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள்.

வராமல் காப்பது இன்னும் நல்லது. முள்நுனியின் பின்கூரைக் குறடால் நசுக்கிவிடுங்கள். கடி தெரிந்ததும் தங்கூசியை இழுங்கள், விழுங்கும்வரை காத்திராதீர்கள்.

கேள்வி: விட்ட மீன் வயிறு மேலே தெரிய மிதக்கிறது. என்ன காரணம்? (பெரி வாசகர்)

ஆழத்திலிருந்து வேகமாக ஏற்றிவிட்டீர்கள். பாஸின் காற்றுப்பைக்கு வாய்வழி திறப்பு இல்லை. மேலே வர வர அழுத்தம் குறைந்து உள்ளே காற்று விரியும், வெளியேற வழியின்றி மீன் புரளும். ஊசி குத்திக் காற்றிறக்கும் முறை ஒன்று இருக்கிறது. பழகாத கையில் அது கொலை. இலையுதிர் காலத்தில் சிறுவாய் பாஸ்கள் ஆழத்தில் கூட்டமாக நிற்கும். அங்கே கடி விடாமல் கிடைக்கும். அந்த ஆசையை விட்டு மேலே வாருங்கள்.

கேள்வி: உலகிலேயே பெரிய பெருவாய் பாஸை யார் பிடித்தார்கள்? (ஓஷவா மாணவர்)

இருவர். 1932 ஜூன் 2, ஜோர்ஜியா மாநிலம், மொன்கொமரி ஏரி. ஜோர்ஜ் பெரி என்ற ஏழை உழவர் பையன் 22 இறாத்தல் 4 அவுன்ஸ் மீனைப் பிடித்தார். பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலம் அது. நிறுத்துப் பதிந்துவிட்டு வீட்டில் சமைத்துச் சாப்பிட்டார்கள். 77 ஆண்டு கழித்து, 2009 ஜூலை 2இல், ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா அதைவிட ஓர் அவுன்ஸ் கூடுதலாகப் பிடித்தார். பழைய சாதனையை முறியடிக்க 2 அவுன்ஸ் வேண்டும் என்பது சர்வதேச விதி. ஆகவே சமன்.

இந்தக் கணக்கைவிட எனக்கு முக்கியமானது பிவா ஏரி. பாஸ் அங்கே வந்தேறி. 1925இல் அமெரிக்காவிலிருந்து ஆஷி ஏரிக்குக் கொண்டுவரப்பட்டு நாடெங்கும் பரவியது. பிவாவின் சொந்த மீன்களைத் தின்று குறைத்தது. அரிசியில் புளிக்கவைத்துச் செய்யும் ஃபுனாசூஷி என்ற பழம்பெரும் உணவுக்கு ஆதாரமான நிகோரோபுனா மீன் அருகியதற்கு பாஸும் ஒரு காரணம். எனவே ஷிகா மாகாணம் 2003இல் சட்டம் போட்டது: பிவாவில் பிடித்த பாஸைத் திரும்ப விடக்கூடாது. போடுவதற்கென்று கரையோரம் பெட்டிகளும் வைத்திருக்கிறார்கள்.

ஒன்ராறியோவில் பாஸை மெல்ல விடுவது பண்பு. பிவாவில் அதே பாஸை விடுவது குற்றம். மீன் ஒன்றுதான், கை ஒன்றுதான், ஏரி வேறு. எந்த ஏரியில் நிற்கிறோம் என்று கேட்காமல் அறம் பேச முடியாது, தம்பி.

கேள்வி: ஈயக்குண்டுக்கு ஏன் இத்தனை எதிர்ப்பு? சின்னதுதானே! (அஜின்கோர்ட் வாசகர்)

சின்னது என்பதால்தான். சட்டைப் பையில் இருக்கும் ஒரு டாலர் நாணயத்தை எடுத்துப் பாருங்கள். 1987 முதல் அதில் நீந்துவது லூன் பறவை, ஒன்ராறியோவின் மாகாணப் பறவையும் அதுவே. இரையை அரைக்க ஏரித்தரையில் சிறு கூழாங்கல்லைப் பொறுக்கி விழுங்கும் பழக்கம் அதற்கு. அறுந்து விழுந்த ஈயக்குண்டும் அதற்குக் கூழாங்கல்தான். ஒன்றே ஒன்று போதும், ஈயம் இரைப்பையில் கரைந்து பறவை கழுத்தைத் தூக்க முடியாமல் கரையொதுங்கிச் சாகும். கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயத்துக்கு 1997இலேயே தடை வந்துவிட்டது. வெள்ளீயமும் டங்ஸ்டனும் கடையில் கிடைக்கின்றன. விலை கூடத்தான். கொடுங்கள்.

கேள்வி: கிழிந்த பிளாஸ்டிக் புழுவைத் தண்ணீரில் போட்டால் மீன் தின்றுவிடாதா? (மார்க்கம் சிறுவன்)

தின்றுவிடும், அதுதான் கேடு. வயிற்றில் அது செரிக்காது. கயாக்கில் ஒரு மூடிய டப்பா வைத்துக்கொள், ராசா. மற்றவர்கள் போட்டதையும் பொறுக்கு.

கேள்வி: சிம்கோ ஏரியில் காலை, கவார்த்தாவில் மாலை. கயாக்கைக் கழுவ நேரமில்லை. (வோன் வாசகர்)

அப்படியானால் கவார்த்தாவுக்குப் போகவும் நேரமில்லை. ஏரிக்கு ஏரி தொற்றும் வேற்றூர் வரிமட்டியின் (ஸீப்ரா மசல்) குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவு, உங்கள் கயாக்கின் அடியில் தேங்கிய ஒரு கோப்பை நீர் அதற்குப் போதும். பாசியை அகற்றி நீரை வடித்த பின்னரே படகை ஏற்றிச் செல்ல வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் ஒன்ராறியோவின் சட்டம்.

கேள்வி: மீனுக்கு வலிக்குமா? வலிக்கும் என்றால், தின்பதற்கும் இல்லாமல் விளையாட்டுக்காகக் குத்தி இழுப்பது என்ன நியாயம்? நான் சைவம், கோபித்துக்கொள்ளாதீர்கள். (ஸ்காபரோ வாசகி)

கோபமா? பல இரவு என்னைத் தூங்கவிடாத கேள்வி இது, அக்கா.

2003இல் ஸ்கொட்லாந்தில் லின் ஸ்னெடன் குழுவினர் டிரவுட் மீனின் உதட்டில் தேனீ நஞ்சும் அமிலமும் செலுத்திப் பார்த்தார்கள். மீன்கள் உணவை வெறுத்தன, அமிலம் பட்டவை உதட்டைத் தொட்டித் தரையில் தேய்த்தன. ஊறை உணரும் நரம்பு இருக்கிறது என்பது உறுதியானது. மனிதருக்கு உள்ள மூளைப்புறணி மீனுக்கு இல்லை, ஆகவே நம்மைப்போல் வலியை அனுபவிக்காது என்று மறுப்பவர்களும் உண்டு. வலிக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். தவறாக இருந்தால் மீனுக்கு நட்டமில்லை.

சுவிட்சர்லாந்தில் விடுவதற்கென்றே மீன் பிடிப்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. தின்னப் பிடி, அல்லது பிடிக்காதே என்கிறது அந்த நாடு. இங்கேயோ விடுபவர் உயர்ந்தவர், தின்பவர் தாழ்ந்தவர் என்ற எண்ணம் ஊறியிருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. விடப்பட்ட மீனில் நூற்றுக்கு ஐந்து சாகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் நாற்பது பிடித்து நாற்பதையும் விட்டவர், இரண்டு பிடித்துக் குழம்பு வைத்தவர் கொன்ற அளவே கொன்றிருக்கிறார். அவர் வீட்டில் யார் வயிறும் நிறையவில்லை.

எனக்கு நானே போட்ட கட்டு: நாளுக்கு ஐந்து மீன். ஐந்தானதும் தூண்டிலை மடித்துவிடுவேன். மிச்ச நேரம் துடுப்பு வலித்து நாணலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உங்கள் கேள்விக்கு இது முழு விடை ஆகாது என்று எனக்குத் தெரியும். நீங்கள் சாப்பிடாமல் இருப்பது என் ஐந்தைவிட மேலானது.

கேள்வி: பிடித்ததைச் சமைக்கலாமா? பாதரசம் என்கிறார்களே! (ஏஜாக்ஸ் வாசகி)

சமைக்கலாம். சதை வெள்ளை, முள் குறைவு, புளியும் தேங்காய்ப்பாலும் நன்றாகவே பிடிக்கும். பாஸ் மற்ற மீனைத் தின்று வாழ்வது, ஆகவே வயதும் உடலும் கூடக் கூடப் பாதரசமும் சேரும். எந்த ஏரியில் எந்த நீளத்து மீனை மாதம் எத்தனை வேளை உண்ணலாம் என்று மாகாண அரசின் வழிகாட்டி சொல்கிறது. கருவுற்றவருக்கும் பிள்ளைகளுக்கும் அதில் தனிக் கணக்கு. சின்னதைச் சட்டிக்கு எடுத்து, பெரியதை ஏரிக்கு விடுங்கள். பெரியவை பெரும்பாலும் முட்டை சுமக்கும் பெண்மீன்கள். வழமையான மீன்பிடி அனுமதியில் பல பகுதிகளில் ஆறு பாஸ் வரை வைத்திருக்கலாம், பாதுகாப்பு அனுமதியில் இரண்டு. இரண்டே ஒரு குடும்பத்துக்குக் குழம்பு.

கேள்வி: மீனுக்குள் ஈயம் வைத்து ஏமாற்றினார்களாமே? (பிராம்ப்டன் வாசகர்)

2022 செப்டம்பர், கிளீவ்லாந்து, ஈரி ஏரி, வால்ஐ மீன் போட்டி. நீளத்துக்குப் பொருந்தாத எடையைக் கண்டு நடத்துநர் வயிற்றைக் கிழித்தார், ஈயக்குண்டுகள் விழுந்தன. அவற்றைக் கொண்டுவந்த இருவருக்கும் பத்து நாள் சிறை, படகு பறிமுதல். பரிசு போனதைப் பற்றியே எல்லாரும் பேசினார்கள். வயிற்றில் ஈயம் திணிக்கப்பட்ட அந்த மீன்களைப் பற்றி ஒருவரும் பேசாதது எனக்குப் பெருந்துயரம்.

கேள்வி: நான் பிடித்த பாஸுக்குப் பெயர் வைக்கலாமா? (வயது 8, பிக்கரிங்)

வை, செல்லம். மேல் உதட்டில் தழும்பு இருக்கிறதா என்று பார்த்து, நீளத்தையும் இடத்தையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொள். பாஸ் பத்துப் பதினைந்து வருடம்கூட இருக்கும். நீ பல்கலைக்கழகம் போகும் வயதில் அதே மரத்தடியில் அது திரும்பவும் மாட்டினால், எனக்கு ஒரு கடிதம் போடு.